ஒச்சாங்குளத்துப் பூஜ்யம்

லாசர் அந்தப் பட்டியலை மூன்றாவது முறையாக வாசித்தான். அவனுக்கு வாசித்து அலுக்கவில்லை. வெள்ளைத்துரைக்குக் கேட்டும் அலுக்கவில்லை என்பதுதான் வெட்கக்கேடு.

வருகிற சனிக்கிழமை கல்லூரியில் பழைய மாணவர் தினம். மதுரையில் அந்த மிஷன் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிப் போனவர்களில் யார் யார் என்னென்ன ஆனார்கள் என்று கல்லூரி மலரில் அச்சடித்து, மேடையிலும் வாசிப்பார்கள். மலரைத் தயார் செய்வது லாசர். இன்னார் சப்-ஜட்ஜ், இன்னார் பொதுப்பணித் துறையில் இஞ்சினியர், இன்னார் ரங்கூனில் ஹெட்மாஸ்டர். இன்னார் இரண்டு தடவை ஐ.சி.எஸ். எழுதித் தவறியவர் என்பதை மலரில் போடவில்லை, லாசர் தன் வாயால் சேர்த்துக்கொண்டான். 1938-ஆம் வருஷத்துப் பட்டியலின் உச்சியில் இருந்தது டாக்டர் வெள்ளைத்துரை, பி.ஏ., எம்.பி.பி.எஸ்.

"தம் சொந்த ஊரான ஒச்சாங்குளத்தை நரம்புச் சிலந்தி நோயிலிருந்து இரண்டே ஆண்டுகளில் முற்றிலும் மீட்டவர். அவரது ஆராய்ச்சிக் கட்டுரை லண்டனுக்குச் செல்கிறது. அதன் பின்னே அவரும் செல்கிறார்."

"அந்தக் கடைசி வரி நானாப் போட்டது மாப்ள," என்றான் லாசர். "நல்லாருக்குல்ல?"

"கொஞ்சம் அதிகம்டா," என்றான் வெள்ளைத்துரை. அடிக்கச் சொல்லவில்லை.

நரம்புச் சிலந்தி என்னவென்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். காலில் ஒரு கொப்புளம் கிளம்பும். நெருப்பை வைத்தமாதிரி எரியும். அது உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல்போல ஒரு புழு தலையை நீட்டும். அதை ஓர் ஈர்க்குச்சியில் சுற்றி, நாளுக்கு ஓரங்குலம் வீதம் மெள்ள இழுக்க வேண்டும். அவசரப்பட்டு அறுத்துவிட்டால் சீழ் பிடித்து ஆளையே சாய்த்துவிடும். வெள்ளைத்துரையின் அப்பா அப்படித்தான் போனார். எரிச்சல் தாங்காமல் ஜனங்கள் ஊருணியில் இறங்கிக் காலை நனைப்பார்கள். நனைத்த மாத்திரத்தில் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கிவிடும். குஞ்சுகளைத் தண்ணீரில் திரியும் பொடிப் பூச்சிகள் தின்னும், அந்தப் பூச்சியோடு தண்ணீரை மனுஷன் குடிப்பான், குடித்து ஒரு வருஷம் கழித்து அவன் காலில் கொப்புளம் கிளம்பும். இன்றைக்குக் குடித்ததற்கு அடுத்த சித்திரையில் அழ வேண்டும் என்றால் எந்த ஊரில் யார் நம்புவார்கள்.

வெள்ளைத்துரை நம்பினான். பூச்சியைத் தின்னும் கெண்டைக் குஞ்சுகளை ஊருணியில் விட்டால் நோய் அறுந்துபோகும் என்பது அவன் யோசனை. சென்னையில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த வெள்ளைக்காரர் அதற்கு அனுமதி தந்து, கூடப் படித்த லாசரை எழுத்தராகவும் போட்டுக் கொடுத்தார். ஓர் ஊரில் மீன் விட வேண்டும், இன்னோர் ஊரை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விட்டுவிட வேண்டும். மீன் விட அவன் எடுத்துக்கொண்டது வாடிப்பட்டிக்கு மேற்கேயிருந்த தன் சொந்த ஊரான ஒச்சாங்குளம். சும்மா விட்டது நாலு மைல் தள்ளி, அவன் அக்கா சின்னத்தாய் வாழ்க்கைப்பட்டிருந்த நெடுமரத்துப்பட்டி. தெரிந்த ஜனங்கள், ஒத்துழைப்பார்கள் என்று நினைத்தான். ஒத்துழைத்தார்கள், அவன் நினைத்ததைவிட அதிகமாகவே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசியில் மீன் விடப் போனபோது ஊர் மறித்தது. குடிக்கிற தண்ணீரில் மீனை விட்டுக் கெடுக்கலாமா என்று கருப்பசாமி கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அரைமணி நேரம் பூச்சி, புழு என்று விளக்கிப் பார்த்தான். ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கடைசியில் ரோஷம் வந்து பூசாரித் தட்டிலிருந்து திருநீற்றை அள்ளிக் கையில் வைத்துக்கொண்டு, "வர்ற சித்திரைய விட்டு அடுத்த சித்திரையில இந்த ஊர்ல ஒரு கால்லகூடச் சிலந்தி இருக்காது. இது சத்தியம்" என்று சொன்னான். கூட்டம் அடங்கிவிட்டது. மறுநாளே மீன் குடங்களை ஊர்க்காரர்களே தலையில் சுமந்து வந்தார்கள்.

அந்தச் சித்திரை இந்த வருஷம் வந்தது. பங்குனியிலும் வைகாசியிலும் ஆனியிலும் லாசர் வீடு வீடாக ஏறி இறங்கினான். வெள்ளைத்துரையே இரண்டு முறை வந்து பார்த்தான். ஊரே காலைக் கழுவிக்கொண்டு கோயில் பொட்டலில் வரிசையாக நின்றது. முன்பு அறுபத்துமூன்று பேருக்கு இருந்த ஊரில் இப்போது பூஜ்யம். நெடுமரத்துப்பட்டியிலோ நாற்பத்தொன்று ஐம்பத்தெட்டாக ஏறியிருந்தது. மழை குறைந்து ஊருணி வற்றியதால் அங்கே கூடியிருக்கலாம் என்று கட்டுரையில் ஒரு பத்தி எழுதினான். சென்னைத் தலைவர் எழுதிய பாராட்டுக் கடிதம் மேஜைமேல் இருந்தது. லண்டனில் இரண்டு வருஷப் படிப்புக்கு அவன் பெயரைச் சிபாரிசு செய்திருப்பதாகவும், இனி ஜனங்கள் தண்ணீரில் இறங்காதபடி ஊருணிப் படிகளை அடைத்துச் சுவர் கட்டும் செலவெல்லாம் சர்க்காருக்கு வேண்டாம், ஜில்லா முழுக்க மீன் விட்டாலே போதும் என்று மேலே எழுதப்போவதாகவும் அதில் கண்டிருந்தது. அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அக்காவை விழாவுக்கு அழைப்பதற்காகப் புறப்பட்டான். வாடிப்பட்டிவரை பஸ், அங்கிருந்து நடை. நெடுமரத்துப்பட்டிக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அவன் போனது அதுதான் முதல் தடவை.

அக்கா வீட்டில் முன்கதவு சாத்தியிருந்தது. பின்பக்கமாகச் சுற்றிப் போனான். மாட்டுத் தொழுவத்தில் ஒரு கயிற்றுக் கட்டிலில் ஒச்சாங்குளத்துப் பேயாண்டி உட்கார்ந்திருந்தார். வெள்ளைத்துரைக்குச் சித்தப்பா முறை. கெண்டைக்காலில் ஈரத்துணி. துணிக்கு வெளியே ஓர் ஈர்க்குச்சி, அதில் வெள்ளை நூல் நாலு சுற்று.

"வாப்பா வெள்ளை," என்றார் பேயாண்டி. துணியை இழுத்து மூடப் பார்த்தார், முடியவில்லை. "விருந்தாடி வந்தேன்."

"எப்ப வந்தீக சித்தப்பா?"

"பங்குனிப் பொங்கல் முடிஞ்ச கையோட."

மூன்றரை மாத விருந்து. அதற்குள் சின்னத்தாய் வந்துவிட்டாள். தம்பியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது, பிறகு தொழுவத்தைப் பார்த்து வாடியது, பிறகு ஒரு மாதிரியாகச் சிரித்தாள். திருட்டுத்தனமாகச் செய்த நல்ல காரியம் வெளியே தெரிந்துவிட்ட சிரிப்பு அது.

"தெரிஞ்சு போச்சா? சரி விடு. எத்தன நாளைக்குத்தான் ஒங்கிட்ட மறைக்க."

"எத்தன பேருக்கா?"

"மொத்தம் பதினேழு. பாண்டியம்மா, அவ மகன், கீழத்தெருக்காரங்க நாலு பேரு. காலு ஆற ஆற ஒவ்வொருத்தரா ஊருக்குப் போயிட்டாங்க. சித்தப்பா ஒராளுதான் பாக்கி. சோறாக்கிப் போட்டதில பாதி நானும் என் மாமியாளுந்தான். மிச்சப்பேரு அவங்கவங்க சம்பந்தி வீட்ல." பெருமையாகவே சொன்னாள். "ஒன் வாக்குக்காகத்தான் தம்பி."

"லாசர் வந்து எழுதுனப்ப?"

"அந்தத் தம்பி கால்ல சிலந்தி இருக்கான்னு கேட்டுச்சு. இருக்குன்னோம். எந்த ஊருக் காலுன்னு கேக்கல."

அவன் அடுத்த கேள்வியைக் கேட்கப் பயந்தான். கேட்டுத்தான் ஆகவேண்டும்.

"எரிச்சலுக்குக் காலை எங்க நனைச்சாங்க?"

"ஊருணியிலதான். வேற எங்க போறது?"

சின்னத்தாயின் ஏழு வயது மகள் தங்கப்பொண்ணு அப்போதுதான் வெளியே விளையாடிவிட்டு ஓடி வந்தாள். குடத்திலிருந்து செம்பில் தண்ணீரை மொண்டு வாய்க்குக் கொண்டுபோனாள். வெள்ளைத்துரை பாய்ந்து செம்பைத் தட்டிவிட்டான். செம்பு முற்றத்தில் உருண்டது. மாமன் எதற்கு அடித்தான் என்று புரியாமல் பிள்ளை வீறிட்டு அழுதது. அவன் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு, நின்றபடியே அக்காவிடம் பூச்சியையும் புழுவையும் ஒரு வருஷக் கணக்கையும் சொன்னான். கோயில் முன்னால் அரைமணி நேரம் சொல்லி ஒருத்தருக்கும் புரியாதது அவளுக்கு நாலு வார்த்தையில் புரிந்துவிட்டது.

சின்னத்தாய் குடத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். "பங்குனியிலருந்து குடிச்சதெல்லாம் குடிச்சாச்சே தம்பி," என்றாள். "இப்பத் தட்டிவிட்டு என்ன செய்ய?"

நெடுமரத்துப்பட்டியிலிருந்து ஒச்சாங்குளத்துக்குப் போகும் வண்டிப்பாதையில் அவன் வாய்விட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டு நடந்தான். ஐம்பத்தெட்டில் பதினேழு போனால் நாற்பத்தொன்று. போன தடவை இருந்த அதே நாற்பத்தொன்று. கூடவுமில்லை, குறையவுமில்லை. மழை குறைந்ததாம், ஊருணி வற்றியதாம். அந்தப் பத்தியை எழுதி முடித்த அன்று ஒரு காப்பி கிளப்பில் ரவா தோசை வாங்கித் தின்றது ஞாபகம் வந்தது. எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை இங்கே நடந்து வந்து பார்த்திருக்கலாம். வரவில்லை. ஜெயித்துவிட்ட மனுஷன் எதற்குப் பார்க்க வருகிறான்?

இனி நடக்கப்போவது அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்தது. பதினேழு கால்கள் மூன்று மாதம் அந்த ஊருணியில் இறங்கி ஏறியிருக்கின்றன. அந்தத் தண்ணீரை இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றே நிறுத்தினால் பாதிப் பேரையாவது காப்பாற்றலாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் அடுத்த சித்திரையில் நெடுமரத்துப்பட்டி முழுக்க நொண்டும். அதைவிடக் கேவலம் ஒன்று இருந்தது. அங்கே எத்தனை பேர் நொண்டுகிறார்களோ அத்தனைக்கு அவனுடைய கட்டுரை நன்றாக இருக்கும். மீன் விட்ட ஊரில் பூஜ்யம், விடாத ஊரில் நூறு. லண்டனில் எழுந்து நின்று கைதட்டுவார்கள்.

முத்திருளன் களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். பெரியப்பா மகன், ஊரில் நாலு பேர் மதிக்கும் ஆள். வெள்ளைத்துரையைக் கல்லூரியில் சேர்க்க மதுரைக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். தம்பி முகத்தைப் பார்த்ததுமே கையைத் துடைத்துக்கொண்டார்.

"சின்னத்தாய் வீட்டுக்குப் போயிட்டு வாரியாக்கும்," என்றார்.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீக?"

"ஏன்னா கேக்குற? கருப்பு முன்னால திருநூறு எடுத்துச் சொன்னது யாரு? சொன்ன வாக்கு தப்புனா நம்ம வகையறா மூணு வருசம் கோயில்ல பொங்கப் பானை வைக்க முடியாது. அது ஒனக்குத் தெரியாதா? ஒங்காத்தா இருளாயி உசுரோட இருக்கையில அவ பானை இல்லாம ஒரு பொங்கலா? பங்குனியில பேயாண்டி கால்ல மொதக் கொப்புளம் கெளம்புச்சு. பங்காளிக கூடிப் பேசுனோம். நம்ம ஊருலயே காலேசுப் படிப்புப் படிச்சது நீ ஒருத்தன். நீ தோத்தா நாங்க அம்புட்டுப் பேரும் தோத்த மாதிரி. அதான் அனுப்பி வச்சோம்."

"பதினேழு எனக்குப் போதும்ணே," என்றான் வெள்ளைத்துரை. "அறுபத்துமூணு பதினேழாக் கொறஞ்சிருக்கு. அதுவே பெரிய காரியம். காட்டுவேலைக்குப் போன எடத்துல பள்ளத்துத் தண்ணியக் குடிச்சவங்களுக்கு மட்டும் வந்திருக்கும். பதினேழுன்னு எழுதியிருந்தா சீமைக்காரன் எந்திரிச்சு நின்னு கும்பிட்டிருப்பான். பூஜ்யம் யாருண்ணே கேட்டா?"

முத்திருளன் கையில் ஒட்டியிருந்த வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார்.

"நீ கேட்ட," என்றார். "ஒரு கால்லகூட இருக்காதுன்னு நீதான் சொன்ன. பதினேழு போதும்னா அதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

படித்த மனுஷன் எவனும் ஆராய்ச்சியில் பூஜ்யம் வரும் என்று சத்தியம் செய்யமாட்டான். வெள்ளைத்துரை செய்தான். ஜனங்கள் பாவம், அதை அப்படியே நம்பினார்கள்.

"மெட்ராசுக்கு எழுதணும்ணே," என்றான் கடைசியில். "இல்லாட்டி மீன் மட்டும் போதும்னு படியெல்லாம் அடைக்காம விட்டுருவான். நெடுமரத்துப்பட்டி தண்ணியையும் நிறுத்தணும்."

"எழுதுனா என்ன ஆகும்னு யோசிச்சியா? ஏற்கெனவே குற்றப் பரம்பரைன்னு கைரேகைச் சட்டத்துல கெடக்குற ஊரு இது. ஒங்கப்பன் சாகிற வரைக்கும் ராத்திரி போலீஸ் கச்சேரியில போய்ப் படுத்து எந்திரிச்சு வந்தான். பொய்யங்க, திருடங்கன்னு சர்க்காரு ஏட்டுல எழுதி வச்சிருக்கான். எழுதுனவன் எல்லாம் அசலூர்க்காரன். இப்ப நீ ஒங்கையால எழுதப் போற. அப்படித்தானே?"

வெள்ளைத்துரை ஆத்தாவைப் பார்க்காமலேயே பஸ்ஸுக்கு நடந்தான். பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தான்.

மதுரையில் லாசர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். வீடு வீடாக ஏறி இறங்கியவன் அவன்தானே. பிறகு நண்பனாகப் பேசினான். "மாப்ள, நெடுமரத்துப்பட்டிக்காரங்ககிட்ட மட்டும் தண்ணிய வடிகட்டிக் குடிங்கன்னு சொல்லிட்டு வா. மெட்ராசுக்கு எழுதாத. மொதல்ல லண்டன் போ. பெரிய படிப்புப் படிச்சுட்டு வந்து இதே பூஜ்யத்த நீயே திருத்து. அப்ப நீ சொன்னா எடுபடும்."

"அதுக்குள்ள இருநூறு ஊருணியில மீன மட்டும் விட்டுட்டு ஜனங்க நம்பிக் குடிப்பாங்கடா."

"அப்ப ஒன் இஷ்டம்," என்றான் லாசர். "ஆனா ஒண்ணு. நல்ல யோசனைய நான் சொன்னேன்னு ஞாபகம் வச்சுக்க." பட்டியலின் முதல் பெயரை அடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. மலரும் அச்சுக்குப் போய்விட்டது.

சனிக்கிழமை விழாவில் சப்-ஜட்ஜுக்கு ஒரு மாலை, இஞ்சினியருக்கு ஒரு மாலை, ரங்கூன் ஹெட்மாஸ்டர் வராததால் அவர் தம்பிக்கு ஒரு மாலை. கடைசியாக வெள்ளைத்துரையைப் பேசக் கூப்பிட்டார்கள். நாலு நாளாகத் தூக்கமில்லாத கண்ணோடு எழுந்து நின்றான். மேடை பழக்கமில்லாதவன், சுற்றி வளைக்கத் தெரியாது.

"மலரில் என்னைப் பற்றி எழுதியிருப்பது உண்மையில்லை," என்றான். "ஒச்சாங்குளத்தில் நோய் ஒழியவில்லை. பதினேழு பேருக்கு இருக்கிறது. என் கணக்கு தவறு. தவறுக்குக் காரணம் என் வாய். இந்த மாலைக்கு எனக்குத் தகுதியில்லை."

முன்வரிசையில் யாரோ ஒருவர் கைதட்டினார். உடனே மண்டபம் முழுக்கத் தட்டியது. சப்-ஜட்ஜ் அவன் தோளைத் தட்டி, "இவ்வளவு தன்னடக்கம் இந்தக் காலத்தில் அபூர்வம்" என்றார். தலைமை வகித்தவர் முடிவுரையில் இதையே எடுத்துக்கொண்டு, அத்தனை பேரைக் குணப்படுத்திவிட்டுப் பதினேழு பேருக்காக வருந்தும் உள்ளத்தைப் புகழ்ந்து கால்மணி நேரம் பேசினார். வெள்ளைத்துரை மாலையோடு உட்கார்ந்திருந்தான். உண்மையைச் சொல்லியும் பெருமை வந்து சேர்கிறதே என்று அவனுக்கு அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சென்னைக்குக் கடிதம் எழுதினான். பதினேழு பெயர்களையும் எழுதவேண்டியிருந்தது, இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். முதல் பெயராகப் பேயாண்டியை எழுதும்போது பேனா இரண்டு முறை நின்றது.

ஞாயிறு காலையில் நெடுமரத்துப்பட்டியில் ஆட்களைக் கூட்டிச் சொன்னான். ஊருணித் தண்ணீரை வேட்டித் துணியில் இரண்டாக மடித்து வடிகட்டித்தான் குடிக்கவேண்டும், புண்ணுள்ள காலோடு யாரும் இறங்கக்கூடாது.

"ஒங்க ஊருக்கு மீனு, எங்களுக்கு வேட்டியா?" என்று ஒருத்தர் எகத்தாளமாகக் கேட்டார். "ஒங்க ஊர்லதான் ஒரே வருசத்துல சுத்தமாப் போச்சே. அந்த மீனைக் கொண்டாந்து விடு."

வேறு வழியில்லாமல் அங்கேயும் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னான். விருந்துக்கு வந்த கால்கள் தங்கள் தண்ணீரைக் கெடுத்தன என்று அறிந்ததும் கூட்டம் கொதித்தது. சின்னத்தாயின் மாமியார் கூட்டத்திலிருந்தே எழுந்து போனாள். கோபத்தில் வீட்டுக்கு வீடு குடத்து வாயில் துணி கட்டினார்கள். அது போதும் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சீக்கிரம் நடந்தது. இரண்டு ஊர்க் கணக்கும் கெட்டுவிட்டதால் ஆராய்ச்சி மூடப்படுகிறது என்று சென்னையிலிருந்து நாலு வரிக் கடிதம் வந்தது. லண்டன் பேச்சு அதில் இல்லை. மீன் யோசனையும் குப்பைக்குப் போயிற்று, அறுபத்துமூன்றைப் பதினேழாக்கிய மீன். சுவர் கட்டும் யோசனை திரும்ப மேஜைக்கு வந்தது, மேஜையிலேயே கிடந்தது. கடிதத்திலிருந்த பெயர்கள் எந்தெந்த ஆபீஸ் வழியாக எங்கே போயினவோ, சர்க்கார் விசாரணையை ஏமாற்றிய ஊர் என்று ஒச்சாங்குளத்தில் ரேகை கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலில் ஒன்பது பெயர் புதிதாக ஏறியது. நொண்டிக் காலோடு பேயாண்டி கச்சேரிக்கு நடந்தார். இருளாயி அந்தப் பங்குனியில் பானை வைக்கவில்லை. முத்திருளன் வந்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட வெள்ளைத்துரைக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வரவேயில்லை. லாசர் கல்லூரியில் டியூட்டராகப் போனான். வெள்ளைத்துரையை மேலூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள்.

சித்திரை வந்தது. எட்டு நாள் லீவு போட்டுவிட்டு நெடுமரத்துப்பட்டிக்குப் போனான். யாரும் அனுப்பவில்லை, யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. இருந்தாலும் அவனுக்குத் தெரிந்தாக வேண்டும். துணி கட்டியது பலித்ததா, எத்தனை பேர் தப்பினார்கள், எத்தனை பேர் தப்பவில்லை. ஆராய்ச்சி, பெயர், லண்டன் எல்லாம் போனபிறகு அவனுக்கு மிச்சமிருந்தது அந்த ஓர் எண்ணிக்கைதான்.

முதல் வீட்டில் "எங்க வீட்ல யாருக்கும் இல்ல" என்றார்கள். இரண்டாவது வீட்டிலும் இல்லை. மூன்றாவது வீட்டில் கதவைத் திறக்காமலே இல்லை என்றார்கள். உள்ளே யாரோ முனகுவது கேட்டது. இருபது வீடு நடந்தான். ஒச்சாங்குளத்துக்காரர்கள் பெயரை எழுதிக் கொடுத்ததால் என்ன நடந்தது என்று அந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்திருந்தது.

கடைசியாக அக்கா வீட்டுக்கு வந்தான். சின்னத்தாய் வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள். வா என்று சொல்லவில்லை.

"எங்க வீட்ல யாருக்கும் இல்ல தம்பி," என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால், இருட்டில், தங்கப்பொண்ணு காலை நீட்டிப் படுத்திருந்தது தெரிந்தது. கணுக்காலில் துணி. பிள்ளை மாமனைப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தது, வலியில் உதட்டைக் கடித்தது, சத்தம் போடவில்லை. சத்தம் போடக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். வெள்ளைத்துரை வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அக்கா, சுடுதண்ணி போடு. காலைச் சுத்தம் பண்ணிக் கட்டுறேன்."

"எழுதுவியா?"

அவன் அந்த எண்ணிக்கைக்காகத்தான் மேலூரிலிருந்து வந்திருந்தான். அது இல்லாவிட்டால் துணியால் பலனுண்டா என்று யாருக்கும் எப்போதும் தெரியப்போவதில்லை, அவனுக்கும்தான்.

"எழுத மாட்டேன்," என்றான்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டியே?"

"மாட்டேன்க்கா."

சின்னத்தாய் வாசலை விட்டு விலகினாள். அவன் உள்ளே போய்ப் பிள்ளையின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பொழுது சாய்வதற்குள் விஷயம் தெருவில் பரவிவிட்டது. எதிர்வீட்டுச் சீனியம்மாள் முதலில் தன் புருஷனைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தாள். அப்புறம் கீழ்க்கோடியிலிருந்து ஒருத்தர், அப்புறம் தாயும் மகளுமாக இரண்டு பேர். முற்றம் நிறைந்து, வெளியிலும் உட்கார்ந்திருந்தார்கள். வெள்ளைத்துரை தலையைத் தூக்காமல் ஒவ்வொரு காலாகக் கழுவிக் கட்டினான். எத்தனை கால் என்று எண்ணாமல் இருக்க அவன் மிகவும் பாடுபட்டான்.